‘சும்மா இருக்கிறேன்’ என்ற விடைக்கு எந்தக் கட்டம்?

2024ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 163 நாடுகளில் நடந்த 507 கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்த அக்கட்டுரை, 2022இல் இந்திய வயதுவந்தோரில் 49.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. பெண்களில் இது 57 விழுக்காடு, ஆண்களில் 42. 2000இல் 22.3ஆக இருந்த எண், இதே போக்கு நீடித்தால் 2030இல் ஏறத்தாழ 60ஐத் தொடும் என்றும் அது கணித்தது. ஆய்வாளர்கள் சொன்னது அவ்வளவே. அடுத்த சில நாட்களில் அந்த எண், ‘பாதி இந்தியர் சோம்பேறிகள்’ என்ற பொருளோடு ஊடகங்களிலும் கைப்பேசிகளிலும் சுற்றத் தொடங்கியது. பெண்களே கூடுதல் சோம்பேறிகள் என்பது அதன் உட்பொருள்.

அதே நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறொன்றைச் சொல்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்டோர் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் ஈடுபட்டோர் 26.1 விழுக்காடு, அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். ஒரு வயதுவந்தவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டுப் பணி செய்யும் பாலினமே உடலியக்கம் குறைந்த பாலினமாகவும் கணக்கில் ஏறுகிறது. இரண்டும் ஒரே நாட்டின் கணக்குகள். வீட்டுப் பணி முழுவதும் மிதமான உடலியக்கம் ஆகிவிடாது என்பது உண்மைதான். அதற்குப் பின்னர் வரலாம். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே இத்தனை ஆய்வேடுகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது.

விடை பெரும்பாலும் வினாநிரலில் இருக்கிறது. உழைக்கும் வயதினரின் உடலியக்கம் குறித்த இந்திய ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் கருவி, உலக நலவாழ்வு நிறுவனம் உருவாக்கிய உலகளாவிய உடலியக்க வினாநிரல், சுருக்கமாக ஜிபாக். பதினாறே கேள்விகள். வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்று களங்கள். அவற்றோடு உட்கார்ந்திருக்கும் நேரம் பற்றி ஒரு கேள்வி. நேர்மையாகச் சொன்னால் இக்கருவி வீட்டுப் பணியை ஒதுக்கவில்லை. ‘வேலை’ என்பதில் ஊதியமுள்ளது, ஊதியமற்றது, படிப்பு, வீட்டுப் பணி, அறுவடை, மீன்பிடிப்பு, வேட்டை எல்லாம் அடங்கும் என்று கேள்விக்கு முன்பே நீண்ட முன்னுரை ஒன்று உண்டு. உள்ளூர் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் உண்டு. தாளில் குறை காண்பது கடினம். குறை நேர்வது அந்தத் தாள் வாயால் கேட்கப்பட்டுக் காதால் வாங்கப்படும் இடத்தில்.

அந்த இடத்தை மும்பையின் தாராவி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கெடுப்பவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கிறார். விடையளிக்கும் பெண் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வீட்டில் தமிழ், குழாயடியில் இந்தி, வார்டு அலுவலகத்தில் மராத்தி. “காம் கர்த்தி ஹோ?” என்று கேட்டால், ‘காம்’ என்ற சொல் அவர் காதில் சம்பளம் என்றே விழும். “நஹீ, கர் பே ஹூ” என்பார். கேள்வி தமிழில் வந்தாலும் நிலைமை மேம்படுவதில்லை. “வேலைக்குப் போறீங்களா?” என்றால், “இல்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

இந்தச் ‘சும்மா’வை எந்தக் கட்டத்தில் இடுவது? சும்மா இருத்தலை அரிதினும் அரிய நிலையாக ஞானிகள் பேசினார்கள். தாராவியில் அது இடுப்பில் குடத்தோடும் கையில் துடைப்பத்தோடும் கைகூடிவிடுகிறது. வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். மொழியியல் நோக்கில் இங்கே நடப்பது எளிய ஒன்று. பேச்சுத் தமிழில் ‘சும்மா இருத்தல்’ என்பது அசையாதிருத்தலைக் குறிப்பதில்லை. கூலி பெறாதிருத்தலைக் குறிக்கிறது. உடல்பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பொருளாதாரம்பற்றி விடை வருகிறது. கணக்கெடுப்பவர் அதை மீண்டும் உடல்பற்றிய விடையாகப் பதிந்துகொள்கிறார்.

“அப்படியானால் வீட்டு வேலை என்று தெளிவாகவே கேட்டுவிடலாமே” என்பது அடுத்த யோசனை. அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘வீட்டு வேலை செய்கிறேன்’ என்பது தமிழில், மும்பைத் தமிழில் இன்னும் அழுத்தமாக, பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் தொழிலைக் குறிக்கும். தாராவியிலிருந்தும் செம்பூரின் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அத்தொழிலுக்குப் போகும் பெண்கள் ஏராளம். போகாதவர்கள் அந்தக் கேள்விக்குத் தன்மானத்தோடு “இல்லை” என்பார்கள். போகிறவர்களில் சிலரும் அந்நியர் முன்னிலையில், அண்டை வீட்டார் காதுபட, “இல்லை” என்பார்கள். ஒரே தொடர் இரண்டு பொருள் தாங்கி நிற்கும்போது, தாழ்வாக ஒலிக்கும் பொருளிலிருந்து தப்பவே மனிதர் விடை சொல்வர். இதைக் கண்டறிய முனைவர் பட்டம் தேவையில்லை. பத்து நிமிடம் குழாயடியில் நின்றால் போதும்.

அடுத்தது, ‘பிசிகல் ஆக்டிவிட்டி’ என்ற தொடரே. தமிழில் அதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. உடற்பயிற்சி என்பது நேரம் ஒதுக்கி, உடை மாற்றி, நலம் வேண்டிச் செய்வது. உடலுழைப்பு என்பது கூலிக்குச் செய்வது. அச்சொல்லோடு வர்க்கமும் சாதியும் ஒட்டிக்கொண்டே வரும். உடலியக்கம் ஆய்வேடுகளில் மட்டும் வாழும் சொல். எந்த வீட்டிலும் எவரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மூலத்தில் இம்மூன்றையும் தழுவி நிற்கும் ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக நேர்காணலின் வேகத்தில் வந்து விழுவது பெரும்பாலும் ‘உடற்பயிற்சி’யே. “உடற்பயிற்சி செய்வீங்களா?” “அதுக்கெல்லாம் நேரம் ஏது?” இந்த உரையாடலின் இரண்டாம் வரியைத்தான் ‘நேரமின்மை: முதன்மைத் தடை’ என்று பின்னர் அட்டவணையில் காண்கிறோம்.

வினாநிரலின் உள்ளமைப்பும் இதைப் பெருக்குகிறது. ஒவ்வொரு களமும் ஆம், இல்லை என்ற வாயில் கேள்வியோடு தொடங்கும். ‘இல்லை’ என்றால் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்ற கேள்விகள் தாண்டப்படும். கணக்கில் பூச்சியம் ஏறும். ஒரு சொல்லின் பொருள்மயக்கம் ஒரு வாரத்தின் உழைப்பை அழித்துவிடுகிறது. மறுமுனையில், ஏதேனும் ஒரு களத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் சொன்னவரின் தரவு நம்பத்தகாதது என நீக்கப்பட வேண்டும் என்பது பகுப்பாய்வு விதி. குறைத்துச் சொன்னவர் தங்குவார், மிகைத்துச் சொன்னவர் வெளியேறுவார். விதி தவறென்று சொல்ல வரவில்லை. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, பத்து நிமிடம். ஜிபாக் கேட்பது தொடர்ச்சியாகப் பத்து நிமிடமேனும் நீடித்த இயக்கத்தை. அன்றைய வழிகாட்டுதலும் அப்படித்தான் இருந்தது. 2020 நவம்பரில் வெளியான புதிய வழிகாட்டுதல் அந்த வரம்பைக் கைவிட்டது. ஒவ்வோர் அசைவும் கணக்கே என்று சொன்னது. இன்றும் பழைய வாசகத்தோடு களத்துக்குப் போகும் ஆய்வுகள் உண்டு. தாராவியின் உடலியக்கமோ துண்டு துண்டானது. கீழ்த்தளத்தில் பட்டறை, மேல்தளத்தில் குடித்தனம். நடுவே ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. நாளில் இத்தனை முறை என்று எண்ணாமல் ஏறி இறங்குகிறார்கள். தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் குடம் குடமாகச் சுமந்து வருவது ஒரு நடைக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பொதுக் கழிப்பறைக்குப் போய் வருவது, குழந்தையோடு போய் வருவது. எதுவும் பத்து நிமிடம் தொடர்ச்சியாக நீள்வதில்லை. சந்தின் அகலமே அதை அனுமதிப்பதில்லை.

‘வழக்கமான ஒரு வாரம்’ என்ற சொற்றொடரும் அப்படியே. கும்பார்வாடாவின் குயவருக்கு மழைக்கால வாரம் வேறு, தீபாவளிக்கு முந்திய வாரம் வேறு. தினக்கூலிக்கு நிற்பவருக்கு வழக்கமென்று ஒன்று இருந்தால் அவர் தினக்கூலியாக இருக்கமாட்டார்.

இதுவரை படித்தவர்களில் ஒரு சாரார் தலையசைத்து, “ஆக, ஏழைகள் உழைக்கிறார்கள், அவர்கள் உடல் உரமானது, ஆய்வுகள்தான் பொய்” என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். அது முதல் பிழையைவிட மோசமான பிழை. தாராவியை உழைப்பின் திருவுருவாக வணங்குவதும் அதைச் சோம்பலின் புள்ளிவிவரமாகக் காண்பதும் ஒன்றே; இரண்டிலும் அருகில் போய்ப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற்போகிறது.

அருகில் போனால் தெரிவது, தாராவியின் தொழில்களில் பெரும்பகுதி அமர்ந்து செய்யும் தொழில் என்பது. தையல் எந்திரத்தின் முன் பத்து, பன்னிரண்டு மணி நேரம் குனிந்திருப்பவர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் முன் தரையில் கால் மடித்துச் சரிகை வேலை செய்பவர். தோல்பைக்கு ஓரம் தைப்பவர். அப்பளம் இடும் பெண்கள். கை ஓயாது, உடல் அசையாது. இவர்கள் மாலையில் ‘களைத்துப்போனேன்’ என்பார்கள், அது உண்மை. ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் தேவையான இயக்கம் கிடைத்ததா என்றால் பெரும்பாலும் இல்லை. களைப்பும் இயக்கமும் ஒன்றல்ல. மறுபுறம், பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் மூட்டை சுமப்பவருக்கு இயக்கத்துக்குக் குறைவே இல்லை. அதனால் அவர் இதயம் காக்கப்படுகிறதா? ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேன் குழுவினர் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வுநேர இயக்கம் மிகுந்தோரிடம் இதயநோயும் இறப்பும் குறைந்திருந்ததையும், பணிநேர இயக்கம் மிகுந்தோரிடம் அவை கூடியிருந்ததையும் காட்டியது. உடலியக்க முரண் என்று இதற்குப் பெயரே உண்டு. நெடுநேரச் சுமை, ஓய்வின்மை, தன் வேகத்தைத் தானே தீர்மானிக்க இயலாமை ஆகியவை காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. டென்மார்க்கின் முடிவைத் தாராவிக்கு அப்படியே பெயர்க்க முடியாது. அங்கே பணிநேரத்துக்குச் சட்டமும் சங்கமும் உண்டு. இங்கே நிலைமை அதைவிடக் கடுமையாக இருக்கவே வாய்ப்பு. அதை ஆராய வேண்டியவர்கள் ஆராயட்டும் என்பதற்காகத்தான் இந்த விவாதமே.

ஆகவே, வீட்டுப் பணியையும் கூலிப் பணியையும் சேர்த்துக்கொண்டு விழுக்காட்டைக் குறைத்துக் காட்டு என்பது இங்கே கோரிக்கையன்று. துணியைக் கையால் துவைப்பதும் தண்ணீர் சுமப்பதும் மிதமான இயக்கமாகலாம். அடுப்பின் முன் நிற்பது ஆகாது. எது எவ்வளவு என்று அளக்க வேண்டும். உலகம் முழுவதும் பயன்படும் உடலியக்கத் தொகுதி, 1993 முதல் பலமுறை திருத்தப்பட்டபோதிலும், அடிப்படையில் அமெரிக்க அன்றாடத்தை மனத்தில் கொண்டது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2000இல் இந்தியருக்கென்றே ஒரு வினாநிரல் வகுத்தனர். மதிக்கத்தக்க பணி; ஆனால் அதன் தலைப்பே நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு என்று சொல்லிவிடுகிறது. குறைந்தபட்சம் அவர்கள் எல்லையை ஒப்புக்கொண்டார்கள்.

இத்துறையின் பிறப்பைத் திரும்பிப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. 1953இல் ஜெரிமி மோரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாக இருந்தது. உடலியக்க ஆய்வு என்ற துறை எழுந்தது தொழிலாளரின் பணியிடத்தில். ஓட்டப்பந்தயத் தடத்தில் அன்று. மூன்றாண்டு கழித்து, 1956இல், ழான் மாயர், இந்திய அறிவியலாளர்களோடு சேர்ந்து மேற்கு வங்கச் சணல் ஆலையொன்றின் 213 தொழிலாளரை ஆராய்ந்தார். கடையில் உட்கார்ந்திருப்பவர், எழுத்தர் முதல் சணல் பொதி சுமக்கும் கூலி வரை வேலைவாரியாகப் பிரித்து, உண்ணும் உணவு, உடல் எடை, உழைப்பு மூன்றையும் ஒப்பிட்டார். உடற்பருமன் ஆய்வில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. யார் என்ன வேலை செய்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்டதால்தான் அந்த ஆய்வு சாத்தியமாயிற்று.

மும்பையிலும் மாடிப் பேருந்துகள் 1937 முதல் ஓடின. கடைசி டீசல் மாடிப் பேருந்து 2023 செப்டம்பர் 15 அன்று ஓய்வுபெற்றது. நகரமே புகைப்படம் எடுத்து வழியனுப்பியது. படியேறி இறங்கிய நடத்துநரின் உடலைப்பற்றி அன்று எவரும் பேசவில்லை. மோரிஸின் பெயரைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் துறைகள் இந்நகரில் இருக்கின்றன.

மோரிஸுக்குப் பின் இந்தியப் பணியிட ஆய்வுகள் போன பாதை வேறு. இந்தியாவின் பத்துத் தொழிலகங்களில் ஊழியரையும் குடும்பத்தினரையும் கண்காணித்து, இதயநோய்க் காரணிகளைக் குறைக்க முயன்ற பெரிய திட்டம் உண்டு; 2009இல் அதன் முடிவுகள் வெளியாயின. பயன் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாணியில் வந்த தலையீடுகள் அனைத்துக்கும் ஒரு பணியிடம் தேவை: நுழைவாயில், வருகைப் பதிவேடு, உணவகம், மருத்துவ அதிகாரி. இந்தியத் தொழிலாளரில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் அமைப்புசாராத் துறையில் இருக்கிறார்கள். வீடும் பட்டறையும் ஒன்றேயான இடத்தில் ‘பணியிட உடலியக்க ஊக்குவிப்பு’ என்பதற்குப் பொருள் என்ன? ‘மணிக்கொருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள்’ என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரருக்கு இலவசம். உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று தைப்பவருக்கு அதன் விலையைக் கணக்கிடலாம். அவரே மனத்தில் கணக்கிட்டுக்கொண்டுதான் எழாமல் இருக்கிறார். இதை ‘விழிப்புணர்வின்மை’ என்று எழுதுவது எந்த அறத்தில் சேரும்?

மாட்டுங்காவுக்கு வருவோம். மும்பையில் மாட்டுங்கா என்ற பெயரில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று கிங்ஸ் சர்க்கிளும் ஐந்து தோட்டங்களும் கொண்ட மாட்டுங்கா. தமிழர் கோயில்களும் காப்பிக் கடைகளும் கல்லூரிகளும் சூழ்ந்தது. விடியுமுன்பே ஐந்து தோட்டங்களைச் சுற்றி நடப்போர் வரிசை தொடங்கிவிடும். மரநிழல், அகன்ற சாலை, நடைக்குப் பின் காப்பி. மற்றது மாட்டுங்கா லேபர் கேம்ப். மத்திய ரயில்வேயின் தண்டவாளத்தைக் கடந்தால் தாராவியை ஒட்டி இருப்பது. மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். முதல் மாட்டுங்காவின் தெருவைப் பெருக்க இரண்டாம் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் விடியுமுன்பே நடந்து வருகிறார். ஒரே நேரம், ஒரே சாலை, ஒரே காலைக் காற்று. நடப்பவரின் நடை ‘ஓய்வுநேர உடலியக்கம்’ எனப் பதியப்படும். பெருக்குபவரின் மணிக்கணக்கான உழைப்பு, கேள்வி கேட்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, பதியப்படலாம் அல்லது படாமற்போகலாம். அவரிடம் “ஓய்வு நேரத்தில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?” என்று கேட்பதற்குக் கூச்சமற்ற மனம் வேண்டும்.

ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முதற்கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியாயிற்று. 54.4 விழுக்காட்டினர் இயக்கம் குறைந்தோர். ஓய்வுநேர உடலியக்கம் உடையோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டாவது முடிவே முதன்மையானது. மேற்கண்ட சொற்சிக்கல்களால் அது பெரிதும் மாறப்போவதில்லை. இந்தியரில் பத்தில் ஒன்பது பேருக்கு, உடலைத் தன் விருப்பத்துக்கு அசைக்கும் நேரமும் இடமும் இல்லை. ஆனால் இதிலிருந்து கொள்கை வகுப்போர் பெற்ற பாடம், நேரத்தையும் இடத்தையும் தேடித் தருவது அன்று, ஊக்கமூட்டுவது.

2019 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கம் நாள்தோறும் அரைமணி நேரம் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. எட்டுக் கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் அடி. பத்தாயிரம் என்ற எண்ணோ 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. நடைபாதை போடுவது நல்லதே. பாதையே போடாமல் ‘நட’ என்பதைவிட நூறு மடங்கு நல்லது. மும்பையில் தலைக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மீட்டர். ஒன்றிய அரசின் நகரத் திட்டமிடல் நெறிகள் சொல்வது பத்து முதல் பன்னிரண்டு. அந்த ஒன்றேகாலும் நகர் முழுவதற்குமான சராசரி. ஐந்து தோட்டங்களும் அதில் அடக்கம்.

செம்பூரில் இந்த முரண் கூடுதல் கூர்மை பெறுகிறது. டாட்டா சமூக அறிவியல் கழகமும் மக்கள்தொகை அறிவியலுக்கான பன்னாட்டுக் கழகமும் தியோனார்ப் பகுதியில் நடந்துபோகும் தொலைவில் உள்ளன. நாட்டின் குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்துவது இரண்டாவது. அவற்றுக்கு அருகே தியோனார்க் குப்பைமேடு. 2009இன் மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் பெற்ற எம்-கிழக்கு வார்டு. சற்றுத் தள்ளி மாகுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். இங்கே வாழும் ஒருவரிடம் விடியற்காலையில் வேகமாக நடந்து ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வது நலவாழ்வு அறிவுரையா என்பதை மூச்சு மருத்துவர்களிடம் விட்டுவிடலாம். டாட்டா கழகம் 2011இல் தொடங்கிய எம்-வார்டுத் திட்டம் தன் அண்டையை ஆய்வுக்குரியதாக ஏற்றது. அந்த முன்மாதிரி இருக்கும்போது, உடலியக்க ஆய்வேடுகள் மட்டும் ஏன் வசதியான மாதிரிக் கூறெடுப்பு என்ற பெயரில் கல்லூரி ஊழியரையும் மென்பொருள் நிறுவனத்தாரையுமே சுற்றிச் சுற்றி வருகின்றன?

செய்ய முடியாத வேலை அன்று இது. 2016இல் அச்சான ஒரு திருவனந்தபுர ஆய்வு பெண்களைக் குழுக்களாக அமர்த்திப் பேசவிட்டது. வீட்டுப் பணியைத்தான் அவர்கள் உடலியக்கம் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். தங்களுக்கு அதுவே போதும் என்று பெரும்பாலோர் கருதினார்கள். நேரமின்மையோடு, தெருநாய்களும் குறுகிய சாலைகளும் தடைகளாகப் பேசப்பட்டன. பிறர் நடப்பதைப் பார்த்தால், துணைக்கு ஒருவர் இருந்தால் நடப்போம் என்றார்கள். கேட்டார்கள், சொன்னார்கள். ‘சும்மா’ என்ற விடை பேசவைத்தால் எப்படி விரியும் என்பதற்கு மும்பைக்குத் தெற்கே, அதே கடற்கரையில் ஒரு சான்று.

மும்பையில் நிகழும் ஆய்வேடுகளின் மூன்றாம் இயலைப் புரட்டினால் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: வினாநிரல் இருமொழி வல்லுநரால் மொழிபெயர்க்கப்பட்டு, மற்றொருவரால் மீள்மொழிபெயர்க்கப்பட்டு, ஒப்புமை உறுதிசெய்யப்பட்டது. மொழியியல் பயின்ற எவரும் இந்தச் சடங்கைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும். மீள்மொழிபெயர்ப்பு சோதிப்பது அகராதியை, வழக்கை அன்று. ‘ஒர்க்’ வேலை ஆகும், வேலை மீண்டும் ‘ஒர்க்’ ஆகும். ஒப்புமை நூற்றுக்கு நூறு. நடுவில் அந்தப் பெண்ணின் ஐந்து மணி நேரம் காணாமற்போனது இரு வல்லுநருக்கும் தெரியவராது. இருவரும் கற்றவர்கள், இருவருக்கும் மாதச் சம்பளம், இருவருக்கும் ‘வேலை’ என்றால் அலுவலகம்.

மாற்று வழி புதியதும் அன்று, செலவு மிக்கதும் அன்று. களத்துக்குப் போகுமுன் பத்துப் பதினைந்து பேரிடம் வினாவைச் சொல்லி, “இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எதை நினைத்து விடை சொன்னீர்கள்?” என்று கேட்கும் அறிதல்சார் நேர்காணல் கணக்கெடுப்பு முறையியலில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ‘வேலை’ என்று மொத்தமாகக் கேட்காமல், “காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு?” என்று நாளை வரிசையாகக் கேட்கலாம், நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அப்படித்தான் கேட்டு 299 நிமிடத்தைக் கண்டெடுத்தது. ஒவ்வொரு செயலுக்கும், “இதை நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியுமா?” என்ற ஒற்றைக் கேள்வியைச் சேர்த்தால், கோபன்ஹேகனின் முரண் தாராவியில் எந்த உருவில் இருக்கிறது என்பதற்குத் தொடக்கம் கிடைக்கும். இடுப்பில் கட்டும் அசைவுமானியைச் சிலருக்கேனும் அணிவித்து, வாய்மொழியோடு ஒப்பிடலாம். நெறியாளர்கள் “நிலைநாட்டப்பட்ட கருவியில் கைவைத்தால் இதழ்கள் ஏற்கா” என்று அச்சுறுத்துவது வழக்கம். கருவியின் வழிகாட்டியே உள்ளூர் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கச் சொல்கிறது என்பதை மாணவர்கள் அவர்களுக்குப் பணிவோடு நினைவூட்டலாம்.

அடுத்த முறை இத்தகைய ஆய்வேடு ஒன்றின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக அமர்பவர்கள், கை-வர்க்க மதிப்பையும் நம்பக இடைவெளியையும் கேட்டு முடித்த பிறகு, நிரப்பப்பட்ட வினாநிரல்களின் கட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லட்டும். அதில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றும், வேலைக் களத்தின் வாயில் கேள்வியில் ‘இல்லை’ என்றும் குறிக்கப்பட்ட தாள்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லட்டும். அந்தத் தாள்களில் கணக்கெடுப்பவர் எந்த மொழியில் கேட்டார், அப்போது அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கட்டும்.